மேட்டுப்பாளையத்தில் ஐந்து நாள்

முதல் நாள், வியாழன் இரவு

கோவையிலிருந்து வந்த பாசஞ்சர் காரமடையைத் தாண்டிக்கொண்டிருந்தபோது குறுஞ்செய்தி வந்தது. நாளை காலை 7.10 மணி மலை ரயில் ரத்து. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வடக்கே பார்த்தபடி வந்தார். மலை இருக்க வேண்டிய இடத்தில் கருமேகம்தான் இருந்தது. அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இறங்கிச் சொல்லிக்கொள்ளலாம் என்று போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

இது அப்பாவுக்காகவே போட்ட பயணம். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் டர்னராக, அதாவது லேத் இயந்திரத்தில் உலோகம் கடைபவராக, வேலை பார்த்து 2013-ல் ஓய்வு பெற்றவர். நீலகிரி மலை ரயிலை இழுத்த, சரியாகச் சொன்னால் பின்னாலிருந்து தள்ளிய, எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் எல்லாம் ஒரு காலத்தில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து கப்பலில் வந்தவை. அவை தேய்ந்து தள்ளாடத் தொடங்கியபோது, புது இன்ஜின்களைப் பொன்மலையிலேயே செய்தார்கள். அப்பாவின் கடைசி சில வருடங்கள் அந்த வேலையோடு போனது. லேத்தில் அவர் கடைந்த சில புஷ்களும், அதாவது தண்டு சுழலுகிற உலோக வளையங்களும், பின்களும் அந்த இன்ஜின்களுக்குள் இருக்கின்றன. ஆனால் அவை மலையில் ஓடுவதை அவர் இன்றுவரை பார்த்ததில்லை. வீட்டுக் கடன், எங்கள் படிப்பு, அம்மாவின் முழங்கால் என்று வருடங்கள் தள்ளிக்கொண்டே போய்விட்டன.

மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் ஒரு பக்கம் அகல ரயில் பாதை, மறுபக்கம் மலை ரயிலின் குறுகலான மீட்டர் கேஜ். நீலமும் வெண்மஞ்சளும் பூசிய சின்னப் பெட்டிகள் மழையில் நனைந்து நின்றன. அங்கே வைத்துத்தான் சொன்னேன். கல்லாறுக்கு மேலே, ஹில்குரோ ஸ்டேஷனை எட்டுவதற்குள் எங்கேயோ மண் சரிந்து பாறையும் விழுந்திருக்கிறது என்று ஸ்டேஷனில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அப்பா கொஞ்ச நேரம் அந்தப் பெட்டிகளையே பார்த்தார்.

“மண்ணு விழுந்தா எடுத்துட்டு விடுவாங்க பாப்பா. இருந்து பார்ப்போம்.”

டிக்கெட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ரயில்வேயே ரயிலை ரத்து செய்தால், இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. டிக்கெட் கட்டணம் முழுவதும் தானாகத் திரும்பி வரும். பதற்றத்தில் முந்திக்கொண்டு நாமே கேன்சல் பட்டனை அழுத்தினால் பிடித்தம் போய்விடும். என் பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் அதைத்தான் செய்யப் போனது, நல்லவேளை தடுத்தேன்.

ஒரு ராத்திரிக்கு எடுத்திருந்த லாட்ஜ் அறையை இன்னொரு நாளுக்கு நீட்டித்தோம். “மழைக்காலத்துல இது எப்பவும் நடக்கறதுங்க அம்மணி. தினம் காத்தால வந்து சொல்லுங்க போதும்” என்றார் வரவேற்பில் இருந்தவர். அப்பா, காகிதத்தில் அச்சடித்து எடுத்து வந்திருந்த டிக்கெட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். செல்லாத டிக்கெட் என்று நான் சொல்லவில்லை.


இரண்டாம் நாள், வெள்ளி

அப்பாவுக்கு இன்னமும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். பொன்மலைச் சங்குக்குப் பழகிய உடம்பு. டீ குடிக்கலாம் என்று இறங்கினோம். தெருவில் வரிசையாக லாரிகள், தார்ப்பாயிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றன. எல்லாம் ராத்திரி மலையிலிருந்து இறங்கியவை. ஒரு லாரியின் பின்னாலேயே நடந்து மண்டிக்குள் போய்விட்டோம்.

ஊட்டிக்குப் போகிற எத்தனை பேர் இந்த ஊரில் இறங்கி நடந்திருப்பார்கள்? நானே நாலு தடவை இதன் வழியாகப் போயிருக்கிறேன். பஸ் நிலையத்தின் கழிப்பறையைத் தவிர எதையும் பார்த்ததில்லை. நீலகிரியில் விளைகிற உருளைக்கிழங்கும் பூண்டும் கேரட்டும் முதலில் வந்து இறங்குகிற வாசல் இது. நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் 1935-லிருந்து இருக்கிறது. அதன் ஏலமும் இங்கேதான், தனியார் மண்டிகளும் இங்கேதான்.

ஊட்டிக் கிழங்கு என்றால் 45 கிலோ மூட்டை. சாக்கை அவிழ்த்துக் கொட்டியதும் ஈர மண் வாசனை மண்டி முழுக்கப் பரவுகிறது. பெரிசு, நடுத்தரம், பொடி என்று பெண்கள் உட்கார்ந்து கையாலேயே பிரிக்கிறார்கள். அவர்கள் கிழங்கைப் பார்க்கவே இல்லை, பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். விரல் தொட்டதும் அது எந்தக் குவியலுக்கு என்று தெரிந்துவிடுகிறது. அப்பா இதை ரொம்ப நேரம் நின்று கவனித்தார். “மைக்ரோமீட்டர் வேண்டாம் இவங்களுக்கு” என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

பூண்டுப் பக்கம் போனால் வேறு கணக்கு. நீலகிரிப் பூண்டு விதைக்கு நல்ல பேர் வாங்கியது. மத்தியப் பிரதேசத்திலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வியாபாரிகள் இங்கே வந்து ஏலம் எடுத்துப் போய் விதைக்கிறார்கள். ஒரு மண்டிக்காரர் அப்பாவுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். எங்கே இருந்து வருகிறீர்கள், ஏன் மாட்டிக்கொண்டீர்கள் என்று விசாரித்துவிட்டு ஒரு பூண்டை உடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். தோல் இளஞ்சிவப்பு. பல் ஒவ்வொன்றும் கல் போல இறுக்கம். நகத்தால் கீறியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“ரயிலு நின்னா உங்களுக்குத்தானுங்க கஷ்டம். ரோடு நின்னா ஊருக்கே கஷ்டம்” என்றார் அவர். குன்னூர் சாலை அடைபட்டால் லோடு கோத்தகிரி வழியாகச் சுற்றி வரும், அதுவும் அடைபட்டால் மண்டியில் தராசு தொங்கிக்கொண்டிருக்கும், அன்றைக்கு மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கூலி கிடையாது. ரயில் ரத்தானதை நேற்று ராத்திரி முழுக்க என் ஒருத்தியின் இழப்பாக நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அதை நினைத்து வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்து ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனோம். திரும்பும் வழியில் அப்பா ஒரு பெட்டிக்கடையில் நின்று பத்து ரூபாய் சீப்பு இரண்டு வாங்கினார். எதற்கு என்றால் சொல்லவில்லை. அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு சீப்பையும் பல் மேலே பார்க்கிற மாதிரி ஒட்டிப் பிடித்தார். ஒன்றை மட்டும் அரைப் பல் அளவுக்கு நகர்த்தினார்.

“பாரு, இதுதான் ரேக் பார். ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இந்த மாதிரி ரெண்டு பட்டை ஓடும். ஒண்ணுல பல்லு இருக்கற இடத்துல இன்னொண்ணுல பள்ளம். இன்ஜினுக்கு அடியில இருக்கற பல்சக்கரம் ஒண்ணுல பிடி விடறப்போ இன்னொண்ணுல பிடிச்சிருக்கும். ஒரு நொடிகூட பிடி இல்லாம இருக்காது.”

கல்லாறிலிருந்து குன்னூர் வரை இந்தப் பல் பிடிப்பில்தான் ஏற வேண்டும். மிகச் செங்குத்தான இடத்தில் 12 அடி போனால் 1 அடி உயரம். சாதாரண ரயில் சக்கரம் அந்தச் சரிவில் வழுக்கிவிடும். இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. சமதளத்தில் இரண்டு மட்டும் சக்கரத்தைச் சுற்றும். ஏற்றம் வந்ததும், அந்த இரண்டில் வேலை செய்து வெளியே வருகிற ஆவியையே மற்ற இரண்டுக்கும் அனுப்பிப் பல்சக்கரத்தைச் சுற்ற வைப்பார்கள். “ஒரே ஆவியை ரெண்டு தடவை வேலை வாங்கறது” என்றார். நாற்பத்து மூன்று வயதில், அப்பா என்ன வேலை பார்த்தார் என்பது எனக்கு இன்றைக்குத்தான் புரிந்தது. எப்போதும் அவருக்கு ஷிஃப்ட், எனக்குப் பரீட்சை. இப்படி ஒரு கட்டிலில் உட்கார்ந்து பேச நேரம் வாய்த்ததே இல்லை.

இரவு எட்டு மணிக்கு அடுத்த செய்தி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரத்து.


மூன்றாம் நாள், சனி

ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்தது. காலையில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சொல்லிப் போனார்கள்: பில்லூர் அணை நிரம்புகிறது, பவானிக் கரையில் இருப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போகவும், ஆற்றில் குளிக்கவோ துவைக்கவோ இறங்க வேண்டாம். பில்லூரின் மொத்த உயரம் 100 அடி. 97 அடியைத் தொட்டால் வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுவார்கள். அது நேராக இந்த ஊருக்குத்தான் வரும்.

மழை விட்டதும் பாலத்துக்குப் போனோம். ஊரே அங்கே நின்றது. செம்மண் நிறத்தில், வாழை மரங்களையும் மூங்கில் தூர்களையும் சுழற்றிக்கொண்டு ஆறு போனது. சத்தம் காதில் கேட்பதைவிட பாலத்தின் கைப்பிடியில் அதிர்வாகத் தெரிந்தது. கேரளத்துக்குள் புகுந்து அட்டப்பாடியைச் சுற்றி மறுபடி தமிழ்நாட்டுக்குள் வருகிற ஆறு இது. இங்கிருந்து பவானிசாகர், அப்புறம் கூடுதுறையில் காவிரி.

“காவிரியில சேர்ந்துட்டா அப்புறம் முக்கொம்பு” என்றார் அப்பா. “நமக்கு முன்னாடி இந்தத் தண்ணி ஊருக்குப் போயிடும்.” அம்மாவுக்கு அங்கிருந்தே வீடியோ கால் போட்டுக் காட்டினார்.

தேக்கம்பட்டிப் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கிற வனபத்ரகாளியம்மன் கோயிலுக்கும் போனோம். படித்துறைக்குப் போக விடாமல் கயிறு கட்டியிருந்தார்கள். பகாசுரனைக் கொல்லப் போன பீமன் இந்த அம்மனை வணங்கிவிட்டுப் போனதாகக் கோயில் கதை. ஆடி மாதத்துக் குண்டம்தான் இங்கே பெரிய திருவிழா. மழையில் இன்றைக்குக் கூட்டமில்லை. தீபம் காட்டியபோது அப்பா கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

மதியத்துக்கு மேல் மின்சாரம் போய்விட்டது. துவைத்த துணி காயவில்லை. இஸ்திரிக் கடைக்காரர் கரிப்பெட்டியால் தேய்த்து உலர்த்திக் கொடுத்தார், சட்டை கதகதவென்று இருந்தது. என் மேலாளரிடம் பேசி இன்னும் இரண்டு நாள் லீவு வாங்கினேன். புதன்கிழமை நான் வேலையில் இருந்தே ஆக வேண்டும்.


நான்காம் நாள், ஞாயிறு

காலையில் அப்பாவின் மாத்திரைப் பட்டையில் ஒன்றுதான் மிச்சம் என்று தெரிந்தது. மூன்று நாள் பயணத்துக்கு நான்கு நாள் மாத்திரை எடுத்து வந்திருந்தோம். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. டாக்டர் சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த மருந்துக்கடையைத் தேடிப் பிடித்து அதே மருந்து, அதே அளவு வாங்கினோம். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: எத்தனை நாள் பயணமோ அதைப் போல இரண்டு மடங்கு மாத்திரை பையில் இருக்கட்டும். சீட்டின் படம் உங்கள் போனில் மட்டுமல்ல, வீட்டில் இன்னொருவர் போனிலும் இருக்கட்டும்.

மருந்துக்கடையிலிருந்து திரும்பும்போது ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் மழைக்கோட்டு போட்ட நான்கு பேர் நின்றிருந்தார்கள். முட்டிக்கு மேல் வரை சேறு. அப்பா பார்த்ததுமே தெரிந்துகொண்டார், ரயில் பாதையைப் பராமரிக்கிற கேங்மேன்கள். பொன்மலை என்று ஒரு வார்த்தை சொன்னதும் நால்வரும் டம்ளரோடு எங்கள் பக்கம் நகர்ந்து வந்தார்கள். அடுத்த முக்கால் மணி நேரம் நான் கேட்டது எந்தச் செய்தித்தாளிலும் வராது.

சாலையில் மண் விழுந்தால் பொக்லைன் நேராக இடத்துக்குப் போய்விடும். ரயில் பாதைக்கு அப்படிச் சாலை கிடையாது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒற்றைத் தண்டவாளம். கடப்பாரை, மண்வெட்டி, துளை போடுகிற இயந்திரம், அதற்கு எண்ணெய், மதியச் சோறு எல்லாமே டிராலியில்தான் போக வேண்டும், முடியாத இடத்தில் தோளில். விழுந்த பாறை பெரிதாக இருந்தால் அப்படியே உருட்டிவிட முடியாது. துளை போட்டுப் பிளந்து துண்டு துண்டாகத் தள்ள வேண்டும். உருட்டுகிற துண்டு கீழே இன்னொரு வளைவில் அதே பாதையில் போய் விழாமலும் பார்க்க வேண்டும்.

“மண்ணை எடுத்தா வேலை முடிஞ்சதுன்னு நினைப்பாங்க” என்றார் அவர்களில் மூத்தவர். “அதுக்கப்புறம்தாங்கய்யா வேலையே. பாறை விழுந்து ரேக் பார் துளி வளைஞ்சிருந்தாலும் பல்லு உட்காராது. அதைக் கழட்டி வேற மாட்டணும். மேல இருக்கற மண்ணு இன்னும் வருமான்னு பாக்கணும். வெறும் இன்ஜினை ஓட்டிப் பார்த்துட்டுத்தான் ஆளை ஏத்த விடுவாங்க.”

அப்பா ரேக் பார் எப்படி மாட்டுகிறார்கள், போல்ட்டை எப்படி இறுக்குகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இளையவர் ஒருவர் தன் காலுறையை மடித்துக் காட்டினார், அட்டை கடித்த இடங்கள் வரிசையாகச் சிவந்திருந்தன. மூக்குப்பொடி தடவினால் அண்டாது என்கிறார்கள். விடியற்காலை நடந்து பாதையைப் பார்த்துக்கொண்டே போகும்போது யானை எதிரில் நின்றால் திரும்பி வந்துவிட வேண்டியதுதான். கல்லாறும் ஜக்கனாரையும் யானைகளின் வழித்தடம், நம் பாதை அதைக் குறுக்கே வெட்டுகிறது.

46 கிலோமீட்டர் பாதையில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைப்பாதைகள் என்று சுற்றுலாப் பக்கங்களில் எல்லோரும் எழுதுகிறோம். 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை ரயில் வந்தது, 2005-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது என்றும் எழுதுகிறோம். அந்தப் பாதை ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் நான்கு பேரின் தோளில் திரும்பக் கட்டப்படுகிறது என்பதை நான் படித்ததே இல்லை. 1993 நவம்பரில் குன்னூர் சாலையில் மரப்பாலம் என்ற இடத்தில் சரிந்த மண் பல உயிர்களைக் கொண்டுபோனது. 2009 நவம்பரிலும் நீலகிரி நிறைய பேரை இழந்தது. அந்த மலையில், அதே மாதத்தில், ரயில் ஏன் இன்னும் விடவில்லை என்று ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சத்தம் போட்டதை வெள்ளிக்கிழமை நானே பார்த்தேன். இன்று அந்த இளைஞனின் காலைப் பார்த்தபிறகு, அவசரம் வேண்டாம் தம்பி, நன்றாகப் பார்த்து விடுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றியது. சொன்னேன்.

“எப்ப திறக்கும்?” என்று அப்பா கடைசியாகக் கேட்டார்.

“வியாழன் ஆயிடும்ங்கய்யா. மழை வந்தா அதுவும் சொல்ல முடியாது.”

அப்பா தலையாட்டினார். டீக்குக் காசு கொடுக்கப் போன என்னைத் தடுத்துவிட்டு அந்த மூத்தவரே கொடுத்தார்.

மதியம் சிறுமுகைக்கு டவுன் பஸ்ஸில் போய் வந்தோம். வழி நெடுகக் கறிவேப்பிலைத் தோட்டம், மழை நனைத்த இலையின் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தபடி இருந்தது. தறியிலேயே பார்த்து அம்மாவுக்கு ஒரு கோரா காட்டன் சேலை எடுத்தேன். நிறம் அப்பா தேர்ந்தது.


ஐந்தாம் நாள், திங்கள் இரவு, குன்னூர்

காலையில் முடிவெடுத்தோம். வியாழன் வரை காத்திருக்க எனக்கு வழியில்லை. ஆனால் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே டீசல் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீராவி இன்ஜின்களின் பணிமனையும் குன்னூரில்தான். மலை ரயிலில் ஏறிப் போக முடியாவிட்டால், இன்ஜின் இருக்கிற இடத்துக்கு நாம் போவோம்.

அரசுப் பேருந்தில் ஏறினோம். சொந்த வண்டியில் போனால்தான் நீலகிரிக்கு இ-பாஸ், பஸ்ஸுக்கு வேண்டாம். கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன, மொத்தம் 14. இரண்டாவது வளைவுக்கு மேலே பஸ் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, யாரும் சத்தம் போடாதீங்க என்றார். முன்னால் ஐந்து யானைகள், நடுவில் ஒரு குட்டி. சரிவில் ஏற முடியாமல் குட்டி சறுக்கிச் சறுக்கி வந்தது. பெரிய யானை ஒன்று பின்னால் போய் தும்பிக்கையாலும் நெற்றியாலும் மெதுவாக முட்டி அதை மேலே ஏற்றியது. அப்பா என் காதோடு சொன்னார்: “பாரு, பின்னாலேர்ந்து தள்ளுது. நம்ம இன்ஜின் மாதிரி.”

நாற்பது நிமிடம் நின்றோம். பஸ்ஸில் ஒருவர்கூட கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த பாட்டி கையெடுத்துக் கும்பிட்டபடியே இருந்தார்.

பர்லியாறைத் தாண்டி ஒரு திருப்பத்தில், பள்ளத்தாக்குக்கு அப்பால் பாறையை ஒட்டி ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. ரயில் பாதை. அதில் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. அப்பா ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டி ஆட்டினார். அவ்வளவு தூரத்தில் அவர்களுக்குத் தெரிந்திருக்க முடியாது.

குன்னூர் ஸ்டேஷனில் இறங்கியபோது பன்னிரண்டு மணி, நல்ல குளிர். பிளாட்பாரத்திலிருந்து பார்த்தாலே பணிமனை தெரிகிறது. உள்ளே போக வெளியாட்களுக்கு அனுமதி இல்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்பா தன் ஓய்வூதிய அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வேலி ஓரமாக நின்றார், அவ்வளவுதான். கையைத் துடைத்துக்கொண்டே வந்த ஒரு ஃபிட்டர், என்ன ஐயா என்று கேட்டார். அப்பா சொன்னார். அவர் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, “பத்து நிமிஷம், நான் சொல்ற இடத்துல மட்டும் நில்லுங்க” என்று கூட்டிப் போனார்.

நீல நிற இன்ஜின். நெருப்பு இல்லாமல் குளிர்ந்து நின்றது. நான் பெரிதாக எதையோ எதிர்பார்த்திருந்தேன். அப்பா முகத்தை உயர்த்திப் பார்க்கவே இல்லை, நேராகக் குனிந்தார். சக்கரங்களுக்கு நடுவே, கம்பிகளும் தண்டுகளும் சேரும் இடத்தில், ஒரு வெண்கல வளையத்தின் விளிம்பு எண்ணெயில் மின்னியது. விரலை அதன்மேல் வைக்காமல் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

“இது நான் கடைஞ்சதா இருக்காது, மாத்தியிருப்பீங்க” என்றார் ஃபிட்டரிடம். “இத்தனை வருஷம் தாங்காது.”

“மாத்தியாச்சுங்க ஐயா. ஆனா அளவு பழைய அளவுதான்.” அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: “உள்பக்கம் எண்ணெய்க் காடி வெட்டறப்போ சாய்வு எவ்வளவு வைப்பீங்க? முதல்ல வந்ததுல ஒரு மாதிரி சாய்ச்சு வெட்டியிருந்தது.”

அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பேனா இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். சட்டைப் பையிலிருந்து அந்த டிக்கெட்டை எடுத்தார், வெள்ளிக்கிழமை 7.10 மணி டிக்கெட், நாலு நாளாக மடிப்பு கலையாமல் இருந்தது. அதன் பின்பக்கத்தில் வளையத்தை வரைந்தார், உள்ளே எண்ணெய் ஓடுகிற கோட்டைச் சாய்வாக இழுத்தார், எண்ணெய் ஓரத்துக்கு வராமல் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு புள்ளி வைத்தார். பத்து நிமிடம் அரை மணியானது. இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் எனக்கு டீ கொண்டு வந்து கொடுத்தார். ஃபிட்டர் அந்தக் காகிதத்தை எண்ணெய் படாமல் நுனியில் பிடித்து வாங்கி, தன் சட்டைப் பையில் வைத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

நாளைக் காலை டீசல் ரயிலில் ஊட்டி போய், அப்படியே இறங்கி கோவைக்குப் போக வேண்டும். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் எல்லாம் பார்த்துவிடலாம். இப்போது முன்பதிவு 60 நாளுக்குத் திறந்திருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வந்து ஜனவரி கடைசி வாரத்துக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு இடம் பார்த்தேன், இருந்தது. பணம் கட்டுவதற்கு முன் தேதியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

அப்பா போர்வைக்குள்ளிருந்தே சொன்னார்: “அதுக்கு ஒரு நாள் முன்னாடியே போய் இறங்கற மாதிரி போடு பாப்பா. பூண்டு ஏலத்தை நாம முழுசா பார்க்கவே இல்லை.”